மறதியும் ஒரு நோய்க்குறியே

தமிழ்ப் பிள்ளைகளின் கல்வி நினைவிலே தொடங்குவது. எழுத்துக் கைக்கு வருமுன் வாய்பாடு நாவில் ஏறும். பொருள் விளங்குமுன் தோத்திரம் மனத்திற் பதியும். மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளை அவர்களுக்குச் சதாவதானி என்னும் பட்டம் வழங்கிய வழக்கே, ஒரே வேளையிற் பல பொருளிலுங் கவனஞ் சிதறாது நின்று, கேட்டவற்றை முறை பிறழாமற் கூறும் ஆற்றலுக்கு நம் முன்னோர் அளித்த மதிப்பினைக் காட்டும். கல்லூரிப் பரிசளிப்பு விழாக்களில் மீண்டும் மீண்டும் மேடையேறும் மாணவருட் பெரும்பாலோர் நல்ல நினைவாற்றல் வாய்ந்தவரே.

நினைவைப் போற்றுஞ் சமுதாயம் மறதியை இகழ்தல் இயல்பு. மறந்தேன் என்று கூறும் மாணவனுக்கு வகுப்பிற் கிடைப்பது கடுஞ்சொல். கந்தோரில் உத்தியோகத்தனுக்குக் கிடைப்பது மேலதிகாரியின் கண்டனம். வீட்டிற் கிடைப்பது அக்கறையில்லாதவர் என்னும் பெயர். திருவள்ளுவரும் பொச்சாவாமை என ஓர் அதிகாரம் வகுத்தார் என்று நமக்கு நாமே நியாயங் கூறிக்கொள்கின்றோம். ஆயின் அவ்வதிகாரத்தை ஊன்றிப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். ஆங்கு இகழப்படுவது உவகைக் களிப்பினால் வருஞ் சோர்வு. கடமையைக் கருதாது விடும் அலட்சியம். உடம்பின் ஓர் உறுப்புப் பழுதுற்றமையால் வரும் மறதியை வள்ளுவர் இகழ்ந்தாரல்லர். அவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவது நமது பிழை.

இம்மயக்கத்தைத் தெளிவிக்க வல்லதொரு நோயை எடுத்துக்கொண்டு, அது மூளையின் நினைவு நிலையத்தை எவ்வாறு தாக்குகின்றது என்பதையும், அதனால் நமக்கு உண்டாகுங் கடமை யாது என்பதையும் இம்மலரின் வாசகர்முன் வைத்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். அந்நோய் ஆங்கிலத்தில் மல்ற்றிப்பிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும். பல இடங்களில் வன்மையுற்ற தழும்புகள் என்பது அப்பெயரின் பொருள். ஈண்டு அதனை நரம்புத்தழும்பு நோய் என வழங்குவாம்.

நமது மூளையிலும் முண்ணாணிலும் உள்ள நரம்பிழைகள் மின்கம்பிகளைப் போன்றவை. மின்கம்பிக்கு இறப்பர் உறை இருத்தல் போல, நரம்பிழைகளைச் சுற்றி மயலின் எனப்படுங் கொழுப்பு மிக்க உறையொன்று உண்டு. செய்திகள் இழைகளின் வழியே விரைந்து செல்லுதற்கு அவ்வுறையே காரணம். புறத்தே இருந்து வருங் கிருமிகளை எதிர்க்கவேண்டிய நிர்ப்பீடனக் கலங்கள், ஒரு சிலரிடத்து வழிதவறித் தம் உடம்பின் மயலினையே பகையெனக் கருதித் தாக்குகின்றன. உறை அழிந்த இடத்திற் செய்தி தாமதித்துச் செல்லும். சிலவேளை செல்லாதே நின்றுவிடும். நாளடைவில் இழையும் அறுந்துபோகும். தாக்குண்ட இடங்கள் ஆறித் தழும்பாகின்றன. கண்ணரம்பு தாக்குண்டாற் பார்வை மங்கும். முண்ணாண் தாக்குண்டாற் காலில் உணர்வும் வலியும் குன்றும். சிறுமூளை தாக்குண்டால் நடை தள்ளாடும். இதனாலேயே இந்நோய் ஒருவரிடம் ஒருவிதமாகவும் மற்றொருவரிடம் மற்றொரு விதமாகவுந் தோன்றுகின்றது.

பாரிஸ் நகரத்துச் சல்பெத்ரியேர் மருத்துவமனையிற் கடமையாற்றிய ஜோன் மார்ட்டின் ஷார்கோ என்னும் பேராசிரியரே 1868ஆம் ஆண்டில் இதனைத் தனி நோயாக வகுத்து விளக்கியவர். இறந்தோரின் மூளையிற் கண்ட தழும்புகளையும், அவர்கள் உயிரோடிருந்தபோது காட்டிய குறிகளையும் அவர் ஒப்புநோக்கினார். அவருடைய விரிவுரைகளிலே நாம் கருதத்தக்க செய்தியொன்றுண்டு. இந்நோயாளரின் நினைவு குறிப்பிடத்தக்க அளவு நலிவுறுகின்றதென்றும், அவர்களிடம் எண்ணங்கள் மெதுவாகவே உருவாகின்றன என்றும் அவர் அன்றே கூறிவைத்தார். பின்வந்த வைத்திய உலகமோ நூறாண்டிற்கும் மேலாக அவ்வுரையைப் பெரிதும் பொருட்படுத்தாது விட்டது. கை கால்களின் நலிவே நோய் என்றும், அறிவு பெரும்பாலும் பழுதுறாதென்றும் வைத்திய நூல்கள் பல மாணவர்க்குப் போதித்தன.

இப்புறக்கணிப்புக்கு ஒரு காரணம், நோயை அளக்கும் அளவுகோலே. அமெரிக்க நரம்பியல் அறிஞர் ஜோன் குர்ட்ஸ்கி 1983இல் திருத்தி வெளியிட்ட அளவுகோல் இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. சுழியம் முதற் பத்து வரையுள்ள அவ்வளவுகோலில் நான்கிற்கு மேற்பட்ட படிகளைப் பெரும்பாலும் தீர்மானிப்பது நோயாளர் எவ்வளவு தூரம் நடக்கின்றார் என்பதே. ஊன்றுகோலின்றி நடப்பவர் நலமுடையவராகக் கணிக்கப்படுவார். அவர் காலையிற் கேட்ட செய்தியை மாலையில் நினைவுகூர முடியாது தவிப்பது அக்கணக்கில் ஏறுவது அரிது. அளக்கப்படாத துன்பம் இல்லாத துன்பமாகவே கருதப்படுவது உலக வழக்கு.

1991ஆம் ஆண்டில் ஸ்டீபன் ராவோ என்னும் அமெரிக்க உளவியலறிஞரும் அவர்தம் கூட்டத்தாரும் நோயாளர் நூற்றுவரையும் நலமுடையார் நூற்றுவரையும் ஒரே சோதனைகளால் ஆராய்ந்தனர். நோயாளருள் 48 பேரும் நலமுடையாருள் 5 பேரும் அறிவுச் செயல்களிற் குறைவுடையோராகக் காணப்பட்டனர். மருத்துவமனையிற் படுத்திருப்போரை மட்டும் தேர்ந்து செய்த ஆய்வன்று இது. ஊரவரோடு ஊரவராக வாழ்ந்தோரைச் சோதித்தது. அதன்பின் நிகழ்ந்த ஆய்வுகள் பலவும், நோயாளருள் ஏறத்தாழ அரைப்பங்கினருக்கு இத்தகைய குறைவு உண்டென்றே காட்டுகின்றன. அவற்றுள் முதன்மையாயின இரண்டு: எண்ணத்தின் விரைவு குறைதல் ஒன்று, புதியதைக் கற்று நினைவில் வைத்தல் அரிதாதல் மற்றொன்று.

இனி நினைவு நிலையம் எது என்பதைக் காண்போம். காதுகளுக்கு நேர் உள்ளே, மூளையின் இருபுறத்தும், வளைந்த சிறு மடிப்பொன்று உளது. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த அரான்சி என்னும் இத்தாலிய உடற்கூற்றறிஞர் அதன் வடிவு கடற்குதிரையை ஒத்திருக்கக் கண்டு, ஹிப்போகம்பஸ் எனப் பெயரிட்டார். நாமும் அதனைக் கடற்குதிரை மடிப்பு எனலாம். அதன் தொழில் யாதென்பது அக்காலத்தில் எவர்க்குந் தெரியாது. அதனை உலகுக்கு உணர்த்தியது ஒரு மனிதரின் பெருந்துன்பம்.

ஹென்றி மொலைசன் என்னும் அமெரிக்கர் கடும் வலிப்பினால் வருந்தினார். அவருக்கு 27 வயதாயிருந்தபோது, 1953ஆம் ஆண்டில், வில்லியம் ஸ்கோவில் என்னுஞ் சத்திர வைத்தியர் வலிப்பைத் தணிக்கும் பொருட்டு அவருடைய மூளையின் இருபுறத்தும் கடற்குதிரை மடிப்பின் பெரும்பகுதியையும் அதனைச் சூழ்ந்தவற்றையும் அகற்றினார். வலிப்புத் தணிந்தது. ஆயின் அன்றுமுதல் அவர் புதிதாக எதனையும் நினைவில் நிறுத்த இயலாதவரானார். சற்றுமுன் பேசிவிட்டுச் சென்றவர் திரும்பி வந்தால், அவரைப் புதியவராகவே வரவேற்றார். இளமைப் பருவத்து நினைவுகள் பல இருந்தன. அறிவுக் கூர்மையும் நற்பண்புங் குன்றவில்லை. கண்ணாடியில் நோக்கி நட்சத்திரத்தின் வடிவை வரையும் பயிற்சியை மூன்று நாள் அளித்தபோது, அவர் கை நாளுக்கு நாள் திருந்தியது; ஆயினும் அப்பயிற்சியை முன்பு செய்ததாக அவருக்குச் சற்றும் நினைவில்லை. பிரெண்டா மில்னர் என்னும் பெண்ணறிஞர் ஸ்கோவிலோடு சேர்ந்து 1957இல் மொலைசனின் நினைவிழப்பை வெளியிட்ட பின்னரே, நிகழ்ச்சிகளைப் புதிதாகப் பதிக்கும் வாயில் கடற்குதிரை மடிப்பு என்பதும், கைப்பழக்கத்துக்குரிய நினைவு வேறிடத்தது என்பதும் துணியப்பட்டன. மொலைசன் 2008இற் காலமானார். அவருடைய இழப்பினால் உலகம் பெற்ற அறிவு மிகப் பெரிது.

நரம்புத்தழும்பு நோய் இம்மடிப்பை மொலைசனுக்கு நேர்ந்ததுபோல முற்றாக நீக்கிவிடுவதில்லை. அது மெல்ல அரிக்கின்றது. முன்னாளில் இந்நோய் வெண்சடப்பொருளுக்கே, அஃதாவது நரம்பிழைகள் செறிந்த பகுதிக்கே, உரியதென்று கருதினர். நரம்புக் கலங்கள் செறிந்த நரைநிறச் சடப்பொருளிலும் தழும்புகள் உள; ஆயின் அவை சாதாரண காந்த அதிர்வுப் படங்களில் எளிதிற் புலப்படுவதில்லை. கண்ணுக்குத் தோன்றாமையால் அவை கருத்திலுந் தோன்றாவாயின. 2007ஆம் ஆண்டில் ஆம்ஸ்ரடாம் நகரத்து ஆய்வாளர், இந்நோயால் வருந்தி இறந்தோரின் கடற்குதிரை மடிப்புக்களைச் சாயமேற்றி நுணுக்குக்காட்டியினால் நோக்கியபோது, ஆங்கு மயலின் பரந்த அளவில் அழிந்திருத்தலைக் கண்டனர். அடுத்த ஆண்டிற் கலிபோர்ணியாவைச் சேர்ந்த ஆய்வாளர், உயிருடன் உள்ள நோயாளரிடத்தே அம்மடிப்புச் சுருங்கியிருத்தலை நுண்ணிய படங்களால் அளந்து காட்டினர். நோய் விட்டுவிட்டு வரும் முற்பட்ட நிலையிலேயே சுருக்கந் தொடங்குகின்றது. இடைவிடாது வளரும் பிற்பட்ட நிலையில் அது மேலும் பரவுகின்றது.

மயலின் அழிவது எங்ஙனம் நினைவை அழிக்கும்? 2011இல் கிளீவ்லன்ட் நகரத்து ஆய்வாளர் இதற்கு விடை தேடினர். மயலின் இழந்த கடற்குதிரை மடிப்புக்களில் நரம்புக் கலங்களின் எண்ணிக்கை பெரிதுங் குறைந்திலது. ஆயின் ஒரு கலம் மற்றொரு கலத்தோடு உறவாடும் நரம்பிணைப்புக்கள் மிகவுங் குறைந்திருந்தன. கற்றல் என்பது இவ்விணைப்புக்கள் வலுப்பெறுதலே என்பது இக்கால அறிவியலின் துணிபு. 1973ஆம் ஆண்டில் பிளிஸ், லோமோ என்னும் இருவர், முயலின் கடற்குதிரை மடிப்பில் இணைப்புக்கள் தூண்டுதலால் வலுப்பெற்று நெடுநேரம் நிலைத்தலை முதலிற் காட்டினர். எனவே, வீடுகள் இடியாதிருக்க அவற்றிடையேயுள்ள ஒழுங்கைகள் மூடப்பட்ட ஊரைப் போன்றது நோயுற்ற நினைவு நிலையம். குடியிருப்போர் உளர்; ஒருவர்க்கொருவர் போக்குவரவு இல்லை.

இவ்வுண்மை அச்சந் தருவதாயினும் அதனுள் ஒரு நம்பிக்கையும் உண்டு. கலம் இறந்துபோயின் மீட்டல் அரிது. இணைப்பு நலிந்ததாயின் மீட்டற்கு இடமுண்டு. அதே கிளீவ்லன்ட் ஆய்வாளர் 2013இல், எலிகளின் மயலினை மருந்தினால் அழித்தபோது அவற்றின் நினைவு குன்றியதையும், மயலின் மீள வளரவிட்டபோது அம்மாற்றங்கள் திரும்பியதையுங் கண்டனர். எலியிடம் நிகழ்ந்தது மனிதரிடமும் நிகழும் என்று இதனைக் கொண்டு உறுதி கூறலாகாது. நிகழக்கூடுமென்று நம்பி உழைக்கலாம்.

மருந்துகளின் நிலை யாதெனின், மறந்ததை மீட்டுத் தரும் மருந்து இன்றளவும் இல்லை. முதியோரின் மறதிநோய்க்கு வழங்கும் டொனெப்பெசில் என்னும் மருந்து 2004இல் நிகழ்ந்த சிறியதோர் ஆய்வில் நம்பிக்கை அளித்தது; 2011இல் நிகழ்ந்த பெரிய ஆய்விலோ வெறும் மாத்திரையினும் மேலானதாக அது காணப்படவில்லை. ஆயினும் நோயின் தாக்குதலையே குறைக்கும் மருந்துகள் பல உள. 1993இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்டர்பெரோன் முதலாக அவை பெருகி வந்துள்ளன. 2023ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இந்நோய்க்கெனக் கிளாட்ரிபின், கிளற்றிராமர், ரிற்றுக்சிமாப் ஆகிய மூன்றையுஞ் சேர்த்தது. தழும்பு விழுமுன் தடுப்பதே நினைவைக் காக்குஞ் சிறந்த வழியாதலின், நோயைக் காலத்தே அறிதல் இன்றியமையாதது.

நோயாளரின் மறதி எத்தன்மைத்து என்பதை உணர்ந்தாலன்றி அவர்க்கு உதவுதல் இயலாது. 1994இல் டெலூக்கா என்பாரும் உடனாய்வாளரும் செய்த ஆய்வு இங்கே பெரிதும் பயன்படுவது. நோயாளரும் நலமுடையாரும் ஒரு சொற்பட்டியலை முற்றாகக் கற்றுத் தேறும்வரை அவர்க்கு அது திரும்பத்திரும்பச் சொல்லப்பட்டது. நோயாளர்க்குக் கூடுதலான முறை கேட்கவேண்டியிருந்தது. ஆயின் தேறியபின், நேரங் கழித்துக் கேட்டபோது, இருதிறத்தாரும் ஏறத்தாழ ஒரே அளவாகவே நினைவுகூர்ந்தனர். எனவே குறை பெரும்பாலும் வைத்த பொருளை எடுப்பதிலன்று. பொருளை உள்ளே வைப்பதில். கிணற்றில் நீர் உண்டு, கயிறு குறுகிற்று என்பதன்று நிலை. நீர் ஊறுதற்குக் கூடிய நேரம் வேண்டும் என்பதே.

இது நம் ஆசிரியர்களும் அதிகாரிகளுங் குறித்துக்கொள்ளவேண்டிய செய்தி. ஒருமுறை விரைந்து சொல்லிவிட்டு, பிறகு நினைவில்லையா எனக் கடிந்துகொள்வது நோயாளரை இருமடங்கு வருத்துவதாகும். மெதுவாகச் சொல்லுதல், இரண்டு மூன்று முறை சொல்லுதல், எழுதிக் கொடுத்தல், ஒரு வேளையில் ஒரு பொருளையே கொடுத்தல் என்பன செலவில்லாத வைத்தியங்கள். பவணந்தி முனிவர் நன்னூலிற் பாடங் கேட்கும் முறையைக் கூறுமிடத்து, ஒருமுறை கேட்டதோடு அமையாது இருமுறையும் மும்முறையுங் கேட்டலையும், கேட்டவற்றைச் சிந்தித்தலையும், வினாவுதலையும், வினாவியவற்றுக்கு விடையளித்தலையும் வற்புறுத்தினார். சுமௌஸ்கி என்னும் ஆய்வாளர் 2010இல் இந்நோயாளரிடத்துச் சோதித்துக் கண்டதும் அதனோடு ஒத்ததே: ஒரேயடியாகத் திரும்பத்திரும்பப் படிப்பதினும், இடைவெளி விட்டுத் தம்மைத்தாமே வினாவி விடையை நினைவுகூர்வது மிகுந்த பயன் தந்தது. கற்கவேண்டியவற்றைக் கதையாகத் தொடுத்தும் மனக்காட்சியாக அமைத்தும் பதிக்கும் பயிற்சியொன்றை அமெரிக்காவிற் கெஸ்லர் நிறுவனத்தார் வகுத்தனர். ஐந்து வாரங்களிற் பத்து அமர்வுகளாக அளிக்கப்பட்ட அப்பயிற்சி நோயாளரின் கற்கும் ஆற்றலை உயர்த்தியதென 2013இல் வெளியாகிய ஆய்வு காட்டிற்று.

வாழ்நாள் முழுதும் வாசித்தும் எழுதியும் அறிவுத்தொழில் செய்தும் வந்தோர், அதே அளவு மூளைச் சிதைவுற்றும் ஏனையோரினும் நினைவை நெடிது காத்துக்கொள்கின்றனர் என்பதும் ஆய்வுகளிற் புலனாகின்றது. கல்வி ஒரு சேமிப்பு. நோய்க்காலத்தில் உதவும் வைப்பு நிதி. கல்லூரி நூல்நிலையத்திற்கு நாம் அளிக்கும் ஒவ்வொரு புத்தகமும் ஒருவகையில் மருந்தாகும் என்பது மிகையன்று. ஆயின் இதனைப் பிழைபட உணர்ந்து, நோயாளர் போதியவாறு படித்தாரில்லை, ஆதலால் மறந்தார் எனப் பழி கூறுதல் கொடுமை. சேமிப்பு உள்ளவரையும் நோய் ஒருநாள் வறியவராக்கும்.

இனி, மாறுபட்ட கருத்துடையார் கூறக்கூடியவற்றையுங் கருதுவோம். இந்நோய் குளிர்நாடுகளுக்கு உரியது, நம் நாட்டில் அருகியே காணப்படுவது, அதனைப்பற்றி நாம் ஏன் கவலையுறல் வேண்டும் எனச் சிலர் வினவலாம். பூமத்திய ரேகைக்கு அண்மையிலுள்ள நாடுகளில் இந்நோய் குறைவு என்பது மெய்யே. உலகில் ஏறக்குறைய 28 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்வதாக 2020இற் கணிக்கப்பட்டது. அவர்களுட் பெருந்தொகையினர் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உளர். ஆயின் நம் பழைய மாணவர்களும் அவர்தம் மக்களும் இன்று எங்கே வாழ்கின்றனர்? இலண்டனிலும் றொறன்ரோவிலும் மெல்போணிலும் அல்லவா? கிழக்கு இலண்டனில் நிகழ்ந்து 2017இல் வெளியான ஆய்வொன்று, ஆங்குள்ள தென்னாசியரிடத்து இந்நோய் வெள்ளையரினும் மிகக் குறைவாயினும், தென்னாசிய நாடுகளிற் கணிக்கப்பட்ட அளவிலும் பன்மடங்கு மிகுதி என்று காட்டியது. கடல் கடந்தார்க்கு உடைமையோடு நோயும் மாறுகின்றது.

நோய்க்குரிய காரணங்களில் ஒன்றும் நமக்கு அயலானதன்று. எப்ஸ்டீன்-பார் என்னும் வைரசு உலகில் வளர்ந்தோர் பெரும்பாலாரைத் தொற்றியுள்ளது. அமெரிக்கப் படைவீரர் ஒரு கோடிப் பேரின் குருதிப் பதிவுகளைக் கொண்டு ஹாவாட் பல்கலைக்கழகத்தார் செய்து 2022இல் வெளியிட்ட ஆய்வு, அவ்வைரசு தொற்றிய பின் இந்நோய் வரும் வாய்ப்பு 32 மடங்காக உயர்வதைக் காட்டிற்று. தொற்றியோர் எல்லார்க்கும் நோய் வருவதில்லை. மரபும் சூழலும் பிறவுங் கூடவேண்டும். எனினும் நோய் பெரும்பாலும் 20க்கும் 40க்கும் இடைப்பட்ட வயதிலேயே தோன்றுகின்றது. ஆண்களினும் பெண்களை இருமடங்கு, மும்மடங்கு பற்றுகின்றது. பல்கலைக்கழகத்திற் படிக்கும் பருவம், முதல் உத்தியோகம் ஏற்கும் பருவம், பிள்ளை வளர்க்கும் பருவம் ஆகிய இவையே நினைவு மிகவும் வேண்டப்படும் பருவங்கள். நோயாளர் சிலராயின் அவர்தந் துன்பமுஞ் சிறிதாகிவிடுமோ?

மறதி உண்டென்று நோயாளர்க்கு அறிவித்தல் அவர்தம் மனத்தை உடைக்கும், ஆதலால் அதனை மறைத்தலே இரக்கம் என்பார் வேறு சிலர். இவ்வெண்ணம் அன்பிற் பிறந்ததாயினும் பொருந்துவதன்று. நோயாளர் தம் மறதியை நாம் சொல்லாமலே அறிவர். அறியாதது அதன் காரணம் மட்டுமே. காரணம் அறியாதவர் தம் புத்தி கெடுகின்றதென்றும், தம் குணமே இழிகின்றதென்றும் நினைந்து நொந்து, நண்பரை விட்டு ஒதுங்குகின்றனர். இந்நோயாளரிடத்து மனச்சோர்வும் களைப்பும் உறக்கக் குறைவும் மிகுதி. அவையும் நினைவை மங்கச் செய்வன. அவற்றுட் பல வைத்தியத்தால் தணியத்தக்கன. மறைத்தால் இவ்வுதவிகளும் கிட்டாது போகும். உண்மையைப் பக்குவமாக உரைப்பதே இரக்கம்.

சலுகை வழங்கினாற் பொய்யருந் தம்மை நோயாளர் என்பர் என அஞ்சுவோர்க்கு விடை எளிது. அளந்தறியுங் கருவிகள் உள. எண்களையும் குறிகளையும் பொருத்திக் கூறும் சோதனையொன்று ஒன்றரை நிமிடத்தில் முடிவது. 2012இல் பல நாட்டு அறிஞர் கூடி வகுத்த சுருக்கச் சோதனைத் தொகுதி, எண்ண விரைவையும் சொல் நினைவையும் உருவ நினைவையும் ஏறத்தாழ 15 நிமிடத்தில் அளக்கின்றது. காலை முழங்காலிற் தட்டிப் பார்ப்பதற்கும் கண்ணில் ஒளி பாய்ச்சிப் பார்ப்பதற்கும் நேரமுண்டாயின், நினைவைப் பார்ப்பதற்கும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கால்மணி நேரம் ஒதுக்கல் கூடாதோ?

இவ்விடத்தே நம்மவர்க்குச் சிறப்பாக உரியதொரு பணியைச் சுட்ட விரும்புகின்றேன். சொல் நினைவுச் சோதனையில் நோயாளர்க்கு ஒரு சொற்பட்டியல் படித்துக் காட்டப்படும். அப்பட்டியலை ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் போதாது. ஆங்கிலத்தில் ஓரசைச் சொல்லாயிருப்பது தமிழில் நான்கசையாய் நீளும். அங்கே நாள்தோறும் வழங்குஞ் சொல் இங்கே ஏட்டுச் சொல்லாய் நிற்கும். தமிழகத்திற் செய்த பட்டியலையும் அப்படியே கொள்ளலாகாது. அவர்கள் நாற்காலி என்பதை நாம் கதிரை என்கின்றோம். அவர்கள் வேர்க்கடலை என்பது நமக்குக் கச்சான். அவர்கள் ஆரஞ்சு என்பது நமக்குத் தோடம்பழம். பழக்கமில்லாத சொல்லை மறந்த முதியவர் நோயாளர் எனக் கணிக்கப்படுவார். கல்வி மிகுந்த நோயாளரோ அச்சொற்களை எளிதிற் கூறி நலமுடையார் எனக் கணிக்கப்படுவார். ஆகலின் ஈழத்து வழக்கை அறிந்த தமிழாசிரியரும் நரம்பியல் வைத்தியரும் உளவியலாளரும் ஒருங்கிருந்து சொற்களைத் தெரிந்து, பல வயதும் பல கல்வித்தரமும் உடைய நலமுடையாரிடம் சோதித்து, அளவு கண்டு, செம்மை செய்தல் வேண்டும். இம்மூவகையினரும் நம் பழைய மாணவர் சங்கத்தில் உளர். பழைய மாணவர் பலர் கூடும் வேளையே இத்தகைய முயற்சிக்கு ஏற்ற வேளை. இதனால் நரம்புத்தழும்பு நோயாளர் மட்டுமன்றி, தலையிற் காயமுற்றோரும் பாரிசவாதத்தால் வருந்துவோரும் முதுமை மறதியுற்றோரும் பயன் பெறுவர்.

கட்டிடமும் விளையாட்டரங்கமும் கல்லூரிக்கு வேண்டுவனவே. அவற்றுக்கு நிதி சேர்த்தலை எவருங் குறை கூறார். ஆயின் ஒரு கல்லூரியின் பெருமை, அதன் மாணவருள் நினைவாற்றல் மிக்கோரை மேடையேற்றியதோடு முடிந்துவிடுவதில்லை. நினைவு நலிந்தோரை அது எவ்வாறு நடத்தியது என்பதும் அப்பெருமையின் பகுதியே. மாணவ நண்பர்கள் தம் வகுப்பில் மறதியுடையானொருவனைக் கண்டு நகைக்கும்போது, அவன் சோம்பலால் மறந்தானோ பிறிதொன்றால் மறந்தானோ என ஒருகணம் எண்ணுவார்களாக. ஆசிரியப் பெருமக்கள், முன்பு நன்கு கற்ற மாணவன் திடீரெனக் குன்றுமிடத்துப் பெற்றோரை அழைத்து, வைத்தியரிடங் காட்டும்படி கூறுவார்களாக. உத்தியோகத் தலைமை தாங்கும் பழைய மாணவர்கள், தம்மிடத்துப் பணிபுரியும் நோயாளர்க்கு எழுத்தில் அறிவுறுத்தலும், அமைதியான இடமும், சிறிது கூடுதலான நேரமும் அளித்து அவரை உத்தியோகத்தில் நிலைக்கச் செய்வார்களாக. ராவோவின் ஆய்விலே, உடல் நலிவு ஒத்திருப்பவும், அறிவுச் செயல் குறைந்தவரே மிகுதியாக உத்தியோகமின்றி இருந்தனர் என்பதை இங்கே நினைவூட்டுகின்றேன்.

கால் தளர்ந்தவருக்கு ஊன்றுகோல் கொடுக்கின்றோம்; கண் மங்கியவருக்குக் கண்ணாடி கொடுக்கின்றோம்; அவரை நாம் பழிப்பதில்லை. நினைவு தளர்ந்தவருக்கும் அவ்வாறே குறிப்புப் புத்தகமும் கைத்தொலைபேசியின் நினைவூட்டு மணியும் பொறுமையுடைய சுற்றமும் ஊன்றுகோலாகலாம். அவற்றை நாணமின்றிக் கைக்கொள்ளும் நிலையை அவர்க்கு ஆக்கிக் கொடுத்தல் நம் கடன். சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில், மேற்சொன்ன தமிழ்ச் சோதனைப் பட்டியலை ஆக்குதற்கு ஒரு சிறு குழுவை அமைக்கும் பிரேரணையை எவரேனுங் கொண்டுவருவாராயின், அதனை வழிமொழிய யான் முன்வருவேன்.